தேதி மறந்த மடிக்கணினி

பீரோ மேல் கிடந்த பழைய மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டி, சார்ஜரைச் செருகி பட்டனை அழுத்துகிறோம். திரை ஒளிர்கிறது. விசைகள் வேலை செய்கின்றன. என்றோ சேமித்த படங்கள்கூட அப்படியே இருக்கின்றன. மூலையில் தேதி மட்டும் 2012 ஜனவரி 1. தேதிதானே என்று விட்டுவிட்டு பிரவுசரைத் திறந்தால், எந்தத் தளமும் திறக்க மறுக்கிறது. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. மடிக்கணினியில் மட்டும், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை. தேதியைக் கையால் திருத்தினால் எல்லாம் சரியாகிறது. இரவு அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மறுபடியும் 2012.

தமிழ்நாட்டில் இந்தப் புதிர் நிறைய வீடுகளுக்குப் பொருந்தும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு பக்கம் அப்போது பிளஸ் டூ படித்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த கணினி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேதி நிற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது வீண். போனது சில பத்து ரூபாய் பெறுமான ஒரு செல். அதை மாற்றக் கொஞ்சம் பற்றவைப்பு வேலை தெரிய வேண்டும். எங்கே சூடு வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

அணைத்த பிறகும் ஓடும் கடிகாரம்

கணினியை அணைத்தால் உள்ளே எல்லாம் நின்றுவிடுவதாக நினைக்கிறோம். ஒன்று மட்டும் நிற்பதில்லை. மதர்போர்டில் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. பொறியாளர்கள் இதை நிகழ்நேரக் கடிகாரம் என்பார்கள். நாம் மணிக்காவல் என்று வைத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தில் இது இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் கணினியை இயக்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது 1980 ஜனவரி 1 என்றே வைத்துக்கொள்ளும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி மாதிரியில்தான், பேட்டரியின் பலத்தில் தானே ஓடும் கடிகாரச் சில்லு மதர்போர்டிலேயே இடம் பிடித்தது. இன்றைய மடிக்கணினி வரை அந்த ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை. அந்தச் சின்ன பேட்டரிதான் நாம் சொன்ன செல். அது தீர்ந்ததும் கடிகாரம் நினைவிழந்து, தயாரித்தவர்கள் எழுதிவைத்த தொடக்கத் தேதிக்குப் போய்விடுகிறது. உங்கள் கணினி 2012 என்று காட்டுவது அதனால்தான். வேறொன்று 2009 என்று காட்டும்.

ஒரு நொடிக்கு 32,768 அதிர்வுகள்

மணிக்காவலின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள உலோகக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் தட்டி ஒலி எழுப்பிய இசைக்கவையின் வடிவத்தில்தான் அந்தப் படிகத்தையும் வெட்டியிருப்பார்கள்.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது. 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டது இது. இதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளிகிறது. சரியான தாளத்தில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் தன் இயல்பான வேகத்தில் விடாமல் அதிர்கிறது. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் இதை வைத்து முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கட்டினார். இன்று நம் சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், மணிக்காவல் எல்லாவற்றிலும் இருப்பது இதே வித்தைதான்.

மணிக்காவலின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டது. ஏன் 32,000 என்று முழு எண்ணாக வைக்கவில்லை? 32,768ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 16,384. மறுபடி வகுத்தால் 8,192. இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சமில்லாமல் 1 வரும். மின்சுற்றில் பாதியாக்குவதுதான் மிக எளிய வேலை. இரண்டு துடிப்பு வந்தால் ஒன்றை மட்டும் அடுத்த படிக்கு அனுப்பும் சுற்றைப் பதினைந்து முறை அடுக்கினால் போதும். கடைசிப் படியிலிருந்து சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு வரும். அவற்றை எண்ணி நிமிடம், மணி, நாள், ஆண்டு என்று சில்லு கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஐந்து ஆண்டுக் கணக்கு

இந்த வேலைக்கு ஆகும் மின்சாரம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. மணிக்காவல் சுமார் 5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ள சிஆர்2032 வகை செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது 225 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரமும், 1 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 225 மணி நேரமும் வரும் என்று கணக்கு. நாம் எடுப்பது 0.005 மில்லி ஆம்பியர்தான். 225ஐ அதால் வகுத்தால் 45,000 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. ஆக, ஐந்து ஆண்டும் ஏறக்குறைய ஒன்றரை மாதமும்.

அப்படியானால் 2012இல் வந்த மடிக்கணினியில் 2017இலேயே தேதி போயிருக்க வேண்டுமே? போயிருக்காது. பல மடிக்கணினிகளில் சார்ஜர் செருகியிருக்கும்போதும், பெரிய பேட்டரியில் மின்சாரம் இருக்கும்போதும் மணிக்காவல் அவற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சின்ன செல் வெறுமனே காத்திருக்கும். சும்மா இருக்கும் லித்தியம் செல் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தானாகக் குறையும். பெரிய பேட்டரி செத்த பிறகோ, கணினியைக் கட்டி பீரோ மேல் போட்ட பிறகோதான் முழுப் பாரமும் சின்ன செல்லின் தலையில் விழுகிறது. 2016இல் பெரிய பேட்டரி செத்திருந்தால் 2021 வாக்கில் தேதி போகும். தினமும் பயன்படுத்தும் கணினியைவிட ஓரம்கட்டிய கணினியில் தேதி முதலில் மறப்பதற்கு இதுவே காரணம்.

தேதி தப்பினால் இணையம் ஏன் கதவடைக்கிறது

வங்கித் தளத்தைத் திறக்கும்போது, தான் அந்த வங்கிதான் என்று நிரூபிக்க அது ஒரு மின்சான்றிதழை நீட்டுகிறது. அதில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதைத் தன் கணினியின் தேதியோடு ஒப்பிடுகிறது. கணினிக்கு இன்று 2012 என்றால், 2026இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பதினான்கு ஆண்டு கழித்துத்தான் செல்லுபடியாகும். போலியோ என்று சந்தேகித்துக் கதவைச் சாத்துகிறது. பிரவுசர் செய்வது சரியான வேலைதான்.

இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச்சிலிருந்து 200 நாள். 2029இல் 47 நாளாகக் குறைக்க முடிவு செய்திருக்கிறார்கள். அதனால் கணினியின் தேதி சரியாக இருக்க வேண்டிய தேவை ஆண்டுக்காண்டு கூடுகிறது.

இணையத்திலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விண்டோஸில் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், வழக்கமான அமைப்பில் அது தானாகத் திருத்தாது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும். சில மணி நேரத் தவறைச் சரிசெய்யும் கணினி, பல ஆண்டுத் தவறுக்கு முன் கையைக் கட்டிக்கொள்கிறது.

செல்லா, படிகமா?

திருப்புளியை எடுக்கும் முன் நோயைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம் போலத் தவறுகிறதா? அது படிகத்தின் இயல்பு. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு வரை தவறலாம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. வெயிலும் சேரும். இவ்வகைப் படிகம் 25 டிகிரியில்தான் மிகச் சரியாக அதிரும். கூடினாலும் குறைந்தாலும் வேகம் குறையும். சேலம், நாமக்கல் சமவெளியில் மே மாதம் ஓட்டு வீட்டுக்குள் 40 டிகிரி இருந்தால் நாளுக்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் பின்தங்கல் வரும். இதற்கு செல்லை மாற்றிப் பயனில்லை.

எத்தனை மணி நேரம் அணைத்து வைத்தோமோ அத்தனை மணி நேரம் மட்டும் பின்தங்கினால், செல் சாகும் தறுவாயில் இருக்கிறது. நினைவைத் தாங்கும் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு, படிகத்தை அதிர வைக்கும் அளவுக்கு இல்லை. ஆண்டே மாறிப்போனால் செல் முற்றிலும் தீர்ந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.5க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தேதி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் கோளாறு வேறு. அது பழைய பிரவுசரின் வேலையாக இருக்கலாம்.

ஈயம் எப்படிப் பிடிக்கிறது

மேசைக் கணினியில் இந்த செல்லை நகத்தால் நெம்பி எடுத்து மாற்றிவிடலாம். மடிக்கணினியில் உயரம் போதாது. அதனால் செல்லின் இரு முகங்களிலும் மெல்லிய உலோகத் தகடு ஒட்டி, சிவப்பு, கறுப்பு ஒயர் இணைத்து, மேலே பிளாஸ்டிக் உறை சுருக்கி, ஒயர் முனையில் குட்டி கனெக்டர் வைத்திருப்பார்கள். அதே அளவு, அதே கனெக்டரோடு புதிது கிடைத்தால் வாங்கி மாட்டுவதே நல்லது. பழைய மாதிரிகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கேதான் பற்றவைப்பு வருகிறது.

சங்ககிரி லாரிகளின் ஊர். பட்டறைகளில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பது இங்கே சாதாரணக் காட்சி. அவர் கையைக் கவனித்தால் ஒன்று புரியும். ஈயத்தை அயர்னின் முனையில் உருக்கி ஒயர் மேல் சொட்ட மாட்டார். முனையால் ஒயரைச் சூடாக்கி, ஒயரிலேயே ஈயத்தைத் தொட்டு உருகவிடுவார். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் குளிர்ந்த ஒயர் மேல் ஈயம் சொட்டினாலும் ஆகும். பிடித்தது போலத் தெரியும். தொட்டால் பெயர்ந்து வரும்.

பற்றவைப்பது பசை போட்டு ஒட்டுவது அல்ல. உருகிய ஈயக் கலவையில் உள்ள வெள்ளீயம் செம்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து, அதோடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய புது உலோகப் படலத்தை உண்டாக்குகிறது. பிடிப்பு முழுவதும் அந்தப் படலத்தில்தான். செம்பின் மேல் துருப்படலம் இருந்தால் வெள்ளீயம் செம்பைத் தொடவே முடியாது. அதைக் கரைக்கத்தான் ஃப்ளக்ஸ். மின்னணு வேலைக்கான ஈயக் கம்பியின் நடுவிலேயே பைன் மரப் பிசினால் ஆன ஃப்ளக்ஸ் இருக்கும். லேசாகப் புகைந்து மணம் வருவது அதிலிருந்துதான். அந்தப் புகையை முகர வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள்.

லாரி ரேடியேட்டர் பற்றவைப்பவர்கள் ‘ஆசிட்’ தொட்டு வேலை செய்வார்கள். தடித்த பித்தளைக்கு அது சரி. கணினிக்குள் அது ஒரு துளிகூடப் போகக் கூடாது. மிச்சம் நின்று மாதக் கணக்கில் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

180 டிகிரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: செல்லின் உடம்பில் ஒருபோதும் நேரடியாகப் பற்றவைக்காதீர்கள்.

சிஆர்2032 என்ற பெயரே உள்ளிருப்பதைச் சொல்கிறது. சி என்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்த வேதி வகை. ஆர் என்றால் வட்டம். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். உள்ளே இருப்பது தூய லித்தியம் உலோகத் தகடு. லித்தியம் உருகும் வெப்பநிலை ஏறக்குறைய 180 டிகிரி. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த ஈயக் கம்பி உருகுவது 183 டிகிரியில். அயர்னின் முனை 350 டிகிரி வரை இருக்கும். ஈயம் செல்லின் உடம்பில் பிடிக்கும் அளவுக்குச் சூடேறினால், உள்ளே லித்தியம் உருகும் நிலையை எட்டுகிறது. உருகிய லித்தியம் எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் செல் தீப்பற்றலாம், வெடிக்கலாம். அதற்கு முன்பே, இரு முகங்களையும் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் வளையம் இளகி, எரியக்கூடிய கரைசல் கசியலாம்.

போதாதற்கு செல்லின் உறை துருப்பிடிக்காத எஃகு. அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தைப் பைன் பிசின் கரைக்காது. ஈயம் உருண்டோடும். பிடிக்கவில்லையே என்று அயர்னை இன்னும் அழுத்திப் பிடிப்போம். விபத்து நடப்பது அந்தக் கூடுதல் சில நொடிகளில்.

பிறகு தொழிற்சாலையில் எப்படித் தகடு ஒட்டுகிறார்கள்? ஸ்பாட் வெல்டிங் மூலம். ஒரு சின்னப் புள்ளியில் பெரிய மின்னோட்டத்தைச் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் பாய்ச்சுவார்கள். தகடும் உறையும் அந்தப் புள்ளியில் உருகிச் சேர்ந்துவிடும். சூடு உள்ளே இறங்க நேரமே இருக்காது. எனவே கடையில் கேட்க வேண்டியது தகடு வெல்டு செய்த சிஆர்2032. எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சூடு வைப்பது தகட்டின் நுனியில், செல்லிலிருந்து தள்ளி.

வேலையைச் செய்வோம்

முதலில் சார்ஜரை உருவி, பெரிய பேட்டரியைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். அடிமூடியைத் திறந்தால் மஞ்சள் அல்லது கறுப்பு உறை போட்ட வட்டம் கண்ணில் படும். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், நகத்தால் இருபுறமும் மாறி மாறி நகர்த்தி எடுங்கள்.

உறையைக் கிழித்து எழுத்தைப் படியுங்கள். இது முக்கியம். சிஆர் என்று இருந்தால் சார்ஜ் ஏறாத செல். எம்எல் என்று இருந்தால் சார்ஜ் ஏறும் வகை, கணினியே அதற்கு மின்சாரம் ஊட்டும். எம்எல் இருந்த இடத்தில் சிஆர் போட்டால், ஏற்றக் கூடாத செல்லில் மின்சாரம் ஏறி ஆபத்தாகும். இருந்த வகையையே போடுங்கள்.

இனி ஒயர். பழைய செல்லின் தகட்டுக்கு ஒட்டினாற்போல, ஒரு நேரத்தில் ஓர் ஒயரை மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரியே இரண்டையும் இணைத்துவிடும். வெட்டும் முன்பே, சிவப்பு பிளஸ் முகத்தில்தான் இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒயர் நுனியில் மூன்று மில்லிமீட்டர் உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசுங்கள். தகட்டின் நுனியிலும் அதேபோல் மெல்லிதாகப் பூசுங்கள். சுருங்கும் பிளாஸ்டிக் குழலை இப்போதே ஒயரில் கோத்துவிடுங்கள், பற்றவைத்த பிறகு நுழையாது. ஈயம் பூசிய இரண்டையும் சேர்த்து வைத்து அயர்னால் தொட்டால் இரண்டு நொடியில் ஈயம் பளபளவென்று ஓடி ஒன்றாகும். உடனே எடுத்துவிடுங்கள். பளபளப்பும் வழவழப்புமாக இருந்தால் நல்ல பிடிப்பு. உருண்டையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை, ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். தகட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், செல்லோடு சேரும் இடம் வெதுவெதுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது. குழலை மூடி, செல் முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள்.

இடம் இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான வழி உண்டு. ஒயர்களை வெற்று செல் தாங்கியில் பற்றவைத்து, எல்லாம் ஆறிய பிறகு செல்லை அதில் நுழைக்கலாம். சூடும் லித்தியமும் சந்திக்கவே வழியில்லை. மூடி மூடுகிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

செல்லின் கால்களே மதர்போர்டில் நேராகப் பற்றவைத்திருந்தால் நீங்கள் தொடாதீர்கள். பலகையின் அகன்ற செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் நீண்ட நேரம் சூடு வைக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாத கை தடத்தையே பெயர்த்துவிடும். மொபைல் சர்வீஸ் கடைக்காரரிடம் கொடுங்கள்.

மாட்டி முடித்து இயக்கியதும் சில கணினிகள் அமைப்புகளைச் சரிபார்க்கச் சொல்லி நிற்கும். தேதி, நேரத்தைப் பதித்துச் சேமியுங்கள். சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் கழற்றி ஓர் இரவு வைத்து, காலையில் பாருங்கள். தேதி நின்றிருந்தால் வேலை முடிந்தது.

கழற்றிய செல்லை என்ன செய்வது

கடிகாரத்துக்குச் செத்த செல்லிலும் 2 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கலாம். ஒரு குழந்தை அதை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான திசு வழியே மின்சாரம் ஓடி, அங்கேயே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண்ணை ஏற்படுத்திவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல்தான் இவற்றில் மிக ஆபத்தானது. ஆகவே கழற்றியவுடன் இரு முகங்களிலும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு, பேட்டரி வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். புது செல்களின் அட்டையையும் அப்படியே பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், 108ஐ அழைத்து எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.